கூடங்குளம் கழிவுக் கணக்க எதுல எழுதி வைக்கப் போறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல கூடங்குளம் பத்தி வர்ற செய்தி எதையும் நான் விடாம படிக்கிறவன். புது யூனிட் வேலை எம்புட்டு தூரம் வந்துருக்கு, மீனவங்க என்ன சொல்றாங்க, பயன்படுத்துன எரிபொருள எங்க வைக்கப் போறாங்கன்னு எல்லாம் வருது. ஆனா ஒரு கேள்விய மட்டும் யாரும் கேட்டு நான் பாக்கல. அந்த எரிபொருள் எந்த தொட்டியில இருக்கு, எந்த நம்பர் எரிபொருள் கட்டு, எப்ப உலையிலருந்து வெளிய வந்துச்சு, அதுக்குள்ள என்ன இருக்குங்கற கணக்க எதுல எழுதி வச்சிருக்காங்க, அந்த எழுத்து எத்தன வருஷம் நிக்கும்? வேலை பாத்த காலம் பூரா நான் ரெக்கார்டு ரூம் ஆளு, பழைய ஃபைல் கட்டு எப்படி எப்படியெல்லாம் சாகும்னு கண்ணால பாத்தவன், அதனால தான் இந்த கேள்வி என்ன விட மாட்டேங்குது.

நம்ம சர்க்கார் ஆபீஸ்ல ஒரு ஃபைல் முடிஞ்சா அதுக்கு ஒரு முடிவு போடுவாங்க. ஓ.மு.ன்னா ஓராண்டு, மூ.மு.ன்னா மூணு வருஷம், ப.மு.ன்னா பத்து வருஷம், நி.மு.ன்னா நிரந்தரம். நிரந்தரம்னு போட்ட கட்ட மட்டும் தனி ரேக்ல வச்சு பாத்துக்குவோம், ஆனா அந்த நிரந்தரத்துக்கு யாரும் நூறு நூத்தம்பது வருஷத்துக்கு மேல மனசுல கணக்கு போட்டது கிடையாது. அணுக்கழிவுல சீசியம்-137ன்னு ஒன்னு இருக்கு, அது பாதியா குறையவே 30 வருஷம் ஆகும், ஸ்ட்ரான்சியம்-90க்கும் கிட்டத்தட்ட அதே தான், பத்து தடவ பாதியாகி ஆயிரத்துல ஒரு பங்குக்கு வரணும்னா 300 வருஷம். புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 வருஷம். அயோடின்-129க்கு ஒன்னரை கோடி வருஷத்துக்கு மேல. இதுக்கு எந்த முடிவு போடுறது? நாலு எழுத்துல எதுவும் இதுக்கு ஒத்து வராது.

இங்க ஒன்ன தெளிவா சொல்லிடுறேன். உலை வேணுமா வேணாமாங்கற வாதத்துக்கு நான் வரல. வேணும்னு சொல்றவங்களுக்கும் வேணாம்னு சொல்றவங்களுக்கும் பொதுவான ஒரு உண்மை, ஏற்கனவே உலையில எரிஞ்சு வெளிய வந்த எரிபொருள் அங்க இருக்கு, நாளைக்கே உலைய மூடுனாலும் அது இருக்கும். மறுசுழற்சி பண்ணிடுவோம்னு அணுசக்தி துறையில சொல்றாங்க, பண்ணலாம், ஆனா பண்ணாலும் அதுலருந்து வர்ற உயர் கதிர்வீச்சு கழிவ கண்ணாடியோட சேத்து உருக்கி ஸ்டீல் குடுவையில ஊத்தி வைக்கத்தான் வேணும், டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கத்துல அந்த வேலை நடக்குது. அந்த குடுவைக்கும் கணக்கு வேணுமில்ல?

கணக்குன்னா என்ன கணக்குன்னு சிலர் நினைக்கலாம். கூடங்குளத்துல ஓடுற ஒவ்வொரு 1000 மெகாவாட் உலையிலயும் 163 எரிபொருள் கட்டு இருக்கும், அப்பப்ப நிறுத்தி ஒரு பங்க எடுத்துட்டு புதுசு போடுவாங்க, எடுத்தது உலை பக்கத்துலயே தண்ணித் தொட்டிக்குள்ள போயிடும். ஒவ்வொரு கட்டுக்கும் தனி நம்பர், தனி சரித்திரம், எம்புட்டு செறிவூட்டுன யுரேனியம், உலைக்குள்ள எந்த இடத்துல எத்தன நாள் இருந்துச்சு, எம்புட்டு எரிஞ்சுச்சு, எத்தன வருஷமா ஆறிக்கிட்டு இருக்கு. இத வச்சுத்தான் அது இன்னும் எம்புட்டு சூடு விடும், பக்கத்து பக்கத்துல எத்தன வைக்கலாம், எந்த மாதிரி பெட்டியில ஏத்தணும்னு முடிவு பண்ண முடியும். இன்னும் அம்பது வருஷம் கழிச்சு அத இடம் மாத்தப் போற இன்ஜினியர் கையில இந்த கணக்கு இல்லன்னா அவரு எல்லா கட்டையும் மோசமான கட்டுன்னு நினைச்சே தொட வேண்டியிருக்கும், இல்ல மோசமானத நல்லதுன்னு நினைச்சு தொட்டுருவாரு. அதனால இது ஏதோ இருபதாயிரம் வருஷத்துக்கு அப்புறம் வர்ற பிரச்சினை இல்லங்க, நம்ம பேரப்புள்ளைங்க காலத்து பிரச்சினை.

கணக்கு சரியில்லன்னா என்ன ஆகும்னு ஜெர்மனியில பாத்துட்டாங்க. ஆஸ்ஸேன்னு ஒரு பழைய உப்புச் சுரங்கம், 1967லருந்து 1978 வரைக்கும் அதுக்குள்ள கிட்டத்தட்ட 1,26,000 டிரம் கழிவ இறக்குனாங்க, சில அறையில டிரம்ம வண்டியிலருந்து அப்படியே சரிச்சு கொட்டியிருக்காங்க. 1988லருந்து சுரங்கத்துக்குள்ள தண்ணி கசியுது, ஒரு நாளைக்கு சுமாரா 12,000 லிட்டர். இப்ப எல்லாத்தையும் வெளிய எடுக்கணும்னு சட்டமே போட்டாச்சு, ஆனா உள்ள என்னென்ன இருக்குன்னு பேப்பர்ல உள்ளதும் நெசமும் ஒத்துப் போகல. அதுல புளூட்டோனியம் 9.6 கிலோன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2009ல வந்து இல்ல 28 கிலோன்னு திருத்துனாங்க. மூணு மடங்கு! அதுவும் ஜெர்மனி மாதிரி ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ரசீது வைக்கிற நாட்டுல, கழிவு இறக்கறத நிறுத்தி முப்பத்தோரு வருஷத்துல.

கணக்கு இருந்தா என்ன பிரயோஜனம்ங்கறதுக்கு அமெரிக்காவுல ஒரு சம்பவம் இருக்கு. நியூ மெக்சிகோவுல தரைக்கு கீழ 650 மீட்டர் ஆழத்துல விப்புன்னு ஒரு கிடங்கு, 1999லருந்து நடக்குது. 2014 பிப்ரவரியில உள்ள ஒரு டிரம் சூடாகி வெடிச்சு கதிர்வீச்சு மேல வரைக்கும் வந்துச்சு. காரணம் என்னன்னா ஈரத்த உறிஞ்சறதுக்கு டிரம்முக்குள்ள களிமண் வகை பொடி போட வேண்டிய இடத்துல கோதுமையில செஞ்ச பூனை மணல போட்டுட்டாங்க, அது உள்ள இருந்த நைட்ரேட்டோட சேந்து வினை பண்ணிருச்சு. அந்த டிரம் எங்கருந்து வந்துச்சு, அதே மாதிரி வேற எந்தெந்த டிரம்ல அதே கலவை இருக்குன்னு பதிவேட்ட வச்சுத்தான் கண்டுபிடிச்சு தனியா ஒதுக்குனாங்க. அந்த பதிவேடு இல்லன்னா அடுத்த டிரம் எதுன்னு யாருக்குத் தெரியும்? அப்படியும் கிடங்கு திரும்ப திறக்க 2017 ஆயிருச்சு.

சரி, எதுல எழுதுறது? கம்ப்யூட்டர்ல தான் இருக்கும், பேக்கப் இருக்கும், நீங்க ஏன் கவலப்படுறீங்கன்னு என் மகன் வயசுல உள்ளவங்க கேக்கறாங்க. நான் வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்துறோம்னு தொண்ணூறுகள்ல ஆரம்பிச்சாங்க. முதல்ல ஃப்ளாப்பி. மதுரை வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் அதுக்குள்ள பூஞ்சை புடிச்சு கொஞ்ச வருஷத்துலயே படிக்காம போச்சு, படிக்கிறது இருந்தாலும் போட்டுப் பாக்க டிரைவ் இல்ல. அப்புறம் சிடி. ஒரு தடவ எழுதுற சிடியில லேசர் படுறது ஒரு சாய அடுக்கு மேல, அந்த சாயம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் மங்கிரும், மேல உள்ள பளபளப்பு தகடும் ஓரத்துலருந்து உரிஞ்சு வரும். டேப்புன்னு ஒன்னு வச்சிருந்தாங்க, அதுல காந்தப் பொடிய பிலிம்மோட ஒட்டி வச்சிருக்கிற பசை இருக்கு பாருங்க, அது காத்துல உள்ள ஈரத்த குடிச்சு பிசுபிசுன்னு ஆயிரும், ஓட்டுனா பொடி உதிர்ந்து ஹெட்ல ஒட்டிக்கும், அதோட அந்த டேப்பு முடிஞ்சுச்சு. இப்ப எல்லாரும் வச்சிருக்கிற எஸ்.எஸ்.டி., பென் டிரைவுல எழுத்துங்கறது சின்னச் சின்ன அறைக்குள்ள அடைச்சு வச்ச மின்னேத்தம் தான், அது மெதுவா கசியும், சூடு கூடுனா வேகமா கசியும். எழுதி எழுதி தேஞ்ச எஸ்.எஸ்.டி. ஒன்னு கரண்ட் இல்லாம 30 டிகிரியில ஒரு வருஷம் டேட்டாவ வச்சிருந்தா போதும்ங்கறது தான் அந்த தொழில்ல உள்ள ஸ்டாண்டர்டே. நம்ம ஊர்ல சித்திரையில ரூம்புக்குள்ள என்ன டிகிரி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

டேப்ப நல்ல ஏசி ரூம்ல வச்சா 30 வருஷம் வரும்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க, வரலாம். ஆனா டேப்பு இருந்தா போதாது, அத படிக்கிற மெஷின் வேணும், எல்.டி.ஓ. டேப்புல புது மாடல் டிரைவு அதிகமா போனா ஒன்னு ரெண்டு தலைமுறை பழைய டேப்பத்தான் படிக்கும், அதுக்கும் முந்துனது படிக்காது. அதனால டேப்பு நல்லா இருந்தாலும் இல்லாட்டியும் பத்து வருஷத்துக்குள்ள எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக்கிட்டே இருக்கணும். ஒரு தடவ பட்ஜெட் இல்லன்னு விட்டுட்டா அதோட சங்கிலி அறுந்துச்சு.

தமிழ்ல எழுதுன ஃபைலுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு, இத நான் ரொம்ப வருத்தத்தோட எழுதுறேன். யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஃபான்ட், ஒவ்வொன்னுலயும் எழுத்துக்கு வேற வேற நம்பர். 1999ல டாம், டாப்னு ஒரு ஸ்டாண்டர்டு கொண்டாந்தாங்க, அப்புறம் 2010ல தான் தமிழ்நாடு அரசு யூனிகோடுன்னு ஆர்டர் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி டைப் பண்ணுன ஃபைல இன்னைக்கு திறந்து பாருங்க, அந்த ஃபான்ட் இல்லன்னா கொசகொசன்னு ஆங்கில எழுத்தும் குறியும் தான் வரும். டிஸ்க் நல்லா இருக்கு, ஃபைல் நல்லா இருக்கு, ஒரு எழுத்து கூட அழியல, ஆனா படிக்க முடியல. இதுக்கு ஆனது வெறும் இருபது வருஷம் தாங்க. நூறு வருஷத்துக்கு முந்தி நிப் பேனாவுல எழுதுன பட்டா ரெஜிஸ்டர நான் எடுத்த எடுப்புல படிச்சிருக்கேன்.

அந்த பேப்பர் மட்டும் சாகாதான்னு கேட்டா அதுவும் சாகும். கரையான், செல்லு, எலி, கூரை ஒழுக்கு. மேல் மாடியில தண்ணி ஒழுகி ஒரு ரேக்கே நனைஞ்சப்ப நான் பாத்தது, பழைய கரி மசியில எழுதுனது அப்படியே நின்னுச்சு, ஜெல் பேனாவுல எழுதுனது கரைஞ்சு பக்கமே நீலமா போச்சு. லேசர் பிரிண்ட் தாங்குச்சு, ஏன்னா அது கரிப்பொடிய பிளாஸ்டிக்கோட சேத்து பேப்பர்ல உருக்கி ஒட்டுறது. இங்க்ஜெட் தாங்கல. ஃபேக்ஸ் பேப்பர் நனையவே வேணாம், சும்மா இருந்தாலே நாலஞ்சு வருஷத்துல வெள்ளையாயிரும், முக்கியமான உத்தரவெல்லாம் அதுல வந்து, யாரும் ஜெராக்ஸ் எடுத்து வைக்காம, வெத்துத் தாள் ஃபைல்ல கோத்து கிடக்கறத பாத்தா வயிறு எரியும். பேப்பர் தயாரிக்கும்போதே அதுல அமிலம் இருந்தா அதுவே உள்ளருந்து அரிச்சு ஒடிய வச்சிரும்.

ஆனா அமிலம் இல்லாத நிரந்தரத் தாள்னு ஒன்னு இருக்கு, அதுக்கு ஐ.எஸ்.ஓ. 9706ன்னு ஸ்டாண்டர்டு இருக்கு, பிரான்ஸ்ல அத நம்பித்தான் வேலை நடக்குது. அங்க லா மான்ஷுன்னு ஒரு இடம், 1969லருந்து 1994 வரைக்கும் கழிவு வாங்கி மூடிட்டாங்க, இன்னும் 300 வருஷம் கண்காணிக்கணும்னு வச்சிருக்காங்க. அந்த இடத்தோட மொத்த ஆவணத்தையும் நிரந்தரத் தாள்ல பிரிண்ட் எடுத்து ஒரு பிரதிய அங்கயே வச்சு இன்னொன்ன நாட்டோட தேசிய ஆவணக் காப்பகத்துல வச்சிருக்காங்க, ஒரே இடம் எரிஞ்சா எல்லாம் போயிடக்கூடாதுன்னு. அதோட நிக்கல, ஜனங்களுக்கு புரியற மாதிரி சுருக்கப் புத்தகம் ஒன்னு போட்டு உள்ளூர்லயும் குடுத்துருக்காங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது, ஊர்க்காரங்கள்ல ஓய்வு பெத்தவங்க, கலைஞருங்க எல்லாம் சேந்து நினைவுக் குழுன்னு ஒன்னு வச்சு, இத அடுத்த தலைமுறைக்கு எப்படி சொல்றதுன்னு கூடிக் கூடி பேசுறாங்க. அதே பிரான்ஸ் கழிவு நிறுவனம் 2012ல நீலக்கல் தட்டு ஒன்னு செஞ்சு காட்டுச்சு, தொழிற்சாலையில வளத்த நீலக்கல் ரெண்டு தகட்டுக்கு நடுவுல பிளாட்டினத்துல 40,000 பக்கத்த சின்னதா பதிச்சுட்டாங்க, பூதக்கண்ணாடி மாதிரி பெருசாக்கி பாத்தா போதும், கம்ப்யூட்டர் வேணாம். விலை அதிகம் தான், ஆனா ஒரு உலைக்கு ஆகுற செலவுல அது என்ன கணக்கு?

இன்னும் சில வழி இருக்கு. வெள்ளி பூசின கருப்பு வெள்ளை மைக்ரோபிலிம், பாலியெஸ்டர்ல எடுத்து குளிர்ச்சியா ஈரமில்லாம வச்சா 500 வருஷம்னு கணக்கு, ஒரு லென்ஸ் இருந்தா கண்ணாலயே படிச்சிரலாம். பழைய அசிட்டேட் பிலிம்னா வேணாம், அது காடி வாசம் அடிக்க ஆரம்பிச்சு சுருண்டுரும். குவார்ட்ஸ் கண்ணாடிக்குள்ள லேசரால எழுதுற வேலைய மைக்ரோசாஃப்ட்டுலயும் சவுத்தாம்ப்டன் யுனிவர்சிட்டியிலயும் செஞ்சு காட்டியிருக்காங்க, அழியாது சரி, ஆனா படிக்க விசேஷ மைக்ரோஸ்கோப்பும் சாஃப்ட்வேரும் வேணும், அந்த சாஃப்ட்வேர எங்க வைக்கிறது? எனக்கு அதுல நம்பிக்கை வரல. ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்துக்குள்ள சுட்ட பீங்கான் ஓட்டுல எழுத்தயும் படத்தயும் பதிச்சு அடுக்கி வைக்கிற வேலை ஒன்னு நடக்குது, அத படிச்சப்ப எனக்கு உடனே கீழடி தான் ஞாபகம் வந்துச்சு. இங்க பக்கத்துல வைகைக் கரையில ஆதன்னு பேரு கீறுன பானை ஓடு 2,000 வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள கிடந்து இன்னைக்கும் எழுத்து தெளிவா இருக்கே. சுட்ட மண்ணுக்கு கரையான் கிடையாது, துரு கிடையாது, கரண்ட் வேணாம். ஒன்ன மட்டும் மறந்துரக்கூடாது, நமக்கு கிடைச்சது தப்பிப் பொழச்ச ஓடு மட்டும் தான், கிடைக்காம போனது எத்தனையோ, அதனால ஒரே ஒரு பிரதின்னு எதுலயும் வைக்கக்கூடாது.

மதுரக்காரன் இத எழுதணும்னு நான் நினைச்சதுக்கு பெரிய காரணம் இனிமேத்தான் வருது. நம்மள சுத்தி மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை, திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம், யானைமலைன்னு எத்தன மலையில தமிழிங்கற பழைய எழுத்துல கல்வெட்டு இருக்கு. மாங்குளம் கல்வெட்டுல நெடுஞ்செழியன் பேரே இருக்கு, 2,200 வருஷம் ஆச்சு, மழையும் வெயிலும் அத ஒன்னும் பண்ண முடியல. அதவிட நல்ல ஸ்டோரேஜ் உலகத்துல ஏது? ஆனா நடந்தது என்ன? எழுத்து வட்டெழுத்தாச்சு, அப்புறம் இப்ப உள்ள தமிழாச்சு, பழச படிக்கிற ஆள் ஒருத்தர் கூட மிச்சமில்லாம போயிட்டாங்க. அந்த குகையில சமண முனிவங்க படுத்த கல் படுக்கைய ஜனங்க பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, யாரு செஞ்சு குடுத்தா, யாருக்கு குடுத்தாங்கன்னு பக்கத்துலயே எழுதியிருக்கு, எழுதுன பாஷையும் நம்ம பாஷை, இருந்தும் ஊர் முழுக்க வேற கதை. 1882ல ராபர்ட் சீவெல்ங்கற வெள்ளக்கார அதிகாரி மாங்குளத்துல கல்வெட்டு இருக்கறத பாத்துட்டு சொன்னாரு, 1924ல கல்வெட்டு ஆராய்ச்சியாளர் கே.வி.சுப்பிரமணிய ஐயர் அது தமிழ் தான்னு காட்டுனாரு, 1960கள்ல ஐராவதம் மகாதேவன் வந்து தான் நெடுஞ்செழியன் பேர தெளிவா அடையாளம் சொன்னாரு. கல்லு நின்னுச்சு, நடுவுல பல நூறு வருஷம் சேதி நின்னு போச்சு. அது தானம் குடுத்த சேதி, படிக்காம விட்டதுனால யாருக்கும் உசிருக்கு ஆபத்து வரல. இங்க தோண்டாதீங்க, கீழ விஷம் இருக்குங்கற சேதி அப்படி நடுவுல காணாம போனா?

தோண்ட மாட்டாங்கன்னு எப்படி சொல்றது? அரிட்டாபட்டி பக்கத்தையே எடுத்துக்குங்க. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, மேலூர் பக்கம் ஜனமெல்லாம் திரண்டு போராடி, 2025 ஜனவரியில தான் ரத்து ஆச்சு. அந்த மலையில கல்வெட்டு வெட்டுனவங்களுக்கு டங்ஸ்டன்னா என்னன்னு தெரியுமா, கீழ அது கிடக்குன்னு ஒரு நாள் மெஷினோட வருவாங்கன்னு நினைச்சாவது பாத்திருப்பாங்களா? அதே மாதிரி இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சு வர்றவங்க எதத் தேடி எங்க துளை போடுவாங்கன்னு நமக்குத் தெரியாது. விப்பு கிடங்குலயும் அவங்களுக்கு பெரிய பயமே அது தான், எண்ணெயும் பொட்டாஷும் தேடி எவனாவது மேலருந்து துளை போட்டுருவான்னு. அதுக்காக பத்தாயிரம் வருஷத்துக்கு எச்சரிக்கை கல்லு, பல பாஷையில எழுத்துன்னு பிளான் போட்டு வச்சிருக்காங்க.

அதனால நான் ரெண்டா பிரிச்சு பாக்குறேன். முதல் 300 வருஷம் மனுசனால முடியற வேலை. திருமலை நாயக்கர் மகாலுக்கே 1636லருந்து கணக்கு வச்சா அதுக்கு மேல ஆச்சு, நிரந்தரத் தாளும் மைக்ரோபிலிம்மும் அம்புட்டு காலம் நிக்கும். அதுக்கு மேல உள்ள காலத்துக்கு முழு ஃபைலும் தேவைப்படாது, இங்க என்ன இருக்கு, எம்புட்டு ஆழத்துல, ஏன் தொடக்கூடாதுன்னு நாலு பக்கம் போதும், அத பீங்கான்லயும் கல்லுலயும் பல இடத்துல வச்சிரலாம். ஓ.இ.சி.டி. அமைப்போட அணுசக்தி முகமை 2011லருந்து 2018 வரைக்கும் இதுக்குன்னே பல நாட்டு ஆளுங்கள உக்கார வச்சு யோசிச்சதுலயும் இதே மாதிரி தான் முடிவு, சுருக்கமா ஒரு முக்கியத் தகவல் கோப்பு, தனியா அத்தியாவசிய ஆவணத் தொகுப்பு, ஒரே வழிய நம்பாம பல வழியில சேதிய அனுப்பணும்னு.

ஆனா எந்தப் பொருளும் தனியா நின்னு காப்பாத்தாது, எடுத்துப் பாத்து மறுபடி எழுத ஆள் வேணும். நம்ம ஏட்டுச்சுவடி கதை அது தானே. பனை ஓலை நல்லா பாத்துக்கிட்டா முன்னூறு வருஷம் வரும், சங்கப் பாட்டு வயசு அத விட எத்தன மடங்கு, ஒவ்வொரு தலைமுறையிலயும் எவரோ ஒருத்தர் உக்காந்து பழைய ஏட்ட பாத்து புது ஏட்டுல எழுதுனதால தான் உ.வே.சா. கைக்கு வந்துச்சு. எழுதாம விட்டதெல்லாம் பேரு மட்டும் மிஞ்சி நூல் இல்லாம போச்சு. 1984ல தாமஸ் செபியோக்னு ஒரு மொழி ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுக்கு எழுதிக் குடுத்த யோசனையும் இது தான், சேதிய பத்தாயிரம் வருஷத்துக்கு எழுத முயற்சி பண்ணாதீங்க, மூணு தலைமுறைக்கு எழுதுங்க, அவங்க அவங்க காலத்து பாஷையில மறுபடி எழுதிக்கட்டும்னு.

ஆபீஸ்ல ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் ஆனா பொறுப்பு ஒப்படைப்பு பட்டியல் போடுவோம், தன்பதிவேட்டுல, அதாவது அவரு பாக்குற ஃபைல் பட்டியல்ல, உள்ள ஒவ்வொரு ஃபைலும் கையில இருக்கான்னு வர்றவர் தொட்டுப் பாத்து கையெழுத்து போடணும். ஒழுங்கா இத செஞ்ச ஆபீஸ்ல ஃபைல் காணாம போறதே இல்ல. காணாம போற இடத்துல முதல்ல காணாம போறது ஃபைலும் இல்ல, எந்த கட்டு எந்த ரேக்லன்னு சொல்ற இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் தான், அது போச்சுன்னா பத்தாயிரம் கட்டு நல்லா இருந்தாலும் செத்த கட்டு தான். அணுக்கழிவுக்கும் அந்த மாதிரி இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஒப்படைப்பு வேணும்னு சட்டத்துலயே எழுதணும்ங்கறேன். கழிவ வச்சிருக்கிறவங்க பதிவேடு வச்சிருக்கணும்னு 1987 வருஷத்து கதிர்வீச்சுக் கழிவு விதிகள்லயே இருக்கு, 1993ல பொது ஆவணச் சட்டமும் வந்துச்சு. ஆனா எந்தத் தாள்ல, எந்த மசியில, எத்தன பிரதி, யாரு எப்ப எடுத்துப் பாத்து மறுபடி எழுதணும்ங்கறது தான் ஜனங்களுக்கு தெரியற மாதிரி எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

பிரதி எங்க வைக்கிறதுன்னு கேட்டா, ஒன்னு கூடங்குளத்துலயே இருக்கட்டும், ஆனா அது கடலோரம், உப்புக் காத்து, 2004 சுனாமிய பாத்த கரை. இன்னொன்னு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல. மூணாவது மதுரைக்கு வரணும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி, கடல் தொடாத ஊர், பாறை ஊர், அதோட ரெண்டாயிரம் வருஷமா எழுத்த வச்சுக் காப்பாத்துன ஊர். ஏசி ஓடுனாத்தான் நிக்கும்னு உள்ள எதையும் இங்க வைக்க வேணாம், கரண்ட் போனாலும் ஆள் வராட்டியும் ஒரு அம்பது வருஷம் கிடந்தா கிடக்கணும், எடுத்தா கண்ணால படிக்கணும். இங்கிலீஷ்ல இருக்கட்டும், ரஷ்யாக்காரன் உலைங்கறதால மூல பேப்பர் ரஷ்ய பாஷையிலயும் இருக்கும், பரவால்ல, ஆனா சுருக்கக் கோப்பு தமிழ்ல கட்டாயம் இருக்கணும், அங்க தோண்டப் போறதும் குடியிருக்கப் போறதும் யாரோ அவங்க பேசுற பாஷையில. ராதாபுரம் வட்டத்துல ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இது ரகசியம், புளூட்டோனியம் எங்க இருக்குன்னு வெளிய சொல்ல முடியாதுன்னு சொல்வாங்க. நியாயம் தான், கட்டு நம்பர் வரைக்கும் உள்ள முழு கணக்க சீல் வச்சு காப்பகத்துலயே வைங்க, அத யாரும் கேக்கல. இங்க என்ன வகை கழிவு இருக்கு, எத்தன காலத்துக்கு ஆபத்து, கணக்கு எங்க பத்திரமா இருக்கு, யாரு பொறுப்புங்கறத சொல்றதுல என்ன ரகசியம்? தேனி பொட்டிபுரத்துல நியூட்ரினோ ஆய்வுக்கூடம்னு சொன்னப்ப அணுக்கழிவ கொண்டாந்து புதைக்கப் போறாங்கன்னு ஊர் ஊரா பயம் பரவுச்சு, விஞ்ஞானிங்க வந்து இல்ல இல்லன்னு சொல்லியும் எடுபடல. நாட்டுல எந்தக் கழிவு எங்க இருக்குன்னு திறந்த கணக்கு ஒன்னு இருந்திருந்தா அத காட்டிப் பேசியிருக்கலாமே.

கூடங்குளத்துல உலைக்கு வெளிய எரிபொருள வைக்கிற ஏ.எஃப்.ஆர். கட்டுறதுக்கு 2018ல சுப்ரீம் கோர்ட்டு 2022 வரைக்கும் டைம் குடுத்துச்சு, 2019 ஜூலையில ராதாபுரத்துல கருத்து கேட்பு கூட்டம்னு அறிவிச்சு எதிர்ப்பு வந்ததும் தள்ளி வச்சாங்க. இனிமே இது சம்பந்தமா எந்த கூட்டம் நடந்தாலும் எந்த அறிக்கை வந்தாலும் அதுல ஆவணப் பாதுகாப்புன்னு தனி அத்தியாயம் இருக்கணும்னு கேக்கறேன். எந்தப் பொருள்ல எழுதியிருக்கு, எத்தன பிரதி, எங்கெங்க, கடைசியா எப்ப எடுத்துப் படிச்சுப் பாத்தாங்க, அடுத்த தடவ எப்ப, இந்த அஞ்சு கேள்விக்கும் பதில் அதுல வேணும். நம்ம எம்பிக்கள் இத பார்லிமென்ட்ல கேக்கலாம், ஆவணக் காப்பகத்துல வேலை பாக்கறவங்களும் கல்வெட்டு படிக்கிறவங்களும் சேந்து ஒரு மனு குடுக்கலாம், அப்படி யாராவது ஆரம்பிச்சா நானும் கையெழுத்து போட வர்றேன். உங்க பேப்பர் சார்பா அணுசக்தி துறைக்கிட்ட இந்த அஞ்சு கேள்விய கேட்டு, வர்ற பதில அப்படியே அச்சுல போடணும்னு தாழ்மையோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்,
ஒத்தக்கடை, மதுரை.